தொப்பூர் இறக்கமும் பிரேக் பிடிக்காத லாரியும்

பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் செல்லும் சரக்கு லாரிகள் தருமபுரியைத் தாண்டி, பாளையம் சுங்கச்சாவடியைக் கடந்ததும் தொப்பூர் கணவாயின் இறக்கத்துக்கு வந்துவிடுகின்றன. 2020 டிசம்பரில் இங்கே கட்டுப்பாட்டை இழந்த சிமெண்ட் லாரி ஒன்று அடுத்தடுத்துக் கார்கள் மீது மோதியதில் நால்வர் உயிரிழந்தனர். இந்தக் கணவாயில் எந்த லாரி மோதினாலும் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்பதே முதலில் காதில் விழுகிறது. லாரிப் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. கியரில் இருக்கும்போது இன்ஜினும் வண்டியைப் பின்னிழுத்துப் பிடிக்கிறது. நியூட்ரலுக்குப் போனதும் அந்தப் பிடி அறுந்து, பாரம் முழுவதையும் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மும் அதை உரசிப் பிடிக்கும் லைனிங்கும் தாங்க வேண்டியதாகிறது. மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் கொதித்து விரிகிறது. சூடேறிய லைனிங்கின் உராய்வு குறைகிறது. எவ்வளவு அழுத்தினாலும் வேகம் மட்டுப்படுவதில்லை. சாவியையும் அணைத்து உருளவிடுபவர்கள் இருக்கிறார்கள். இதைவிடக் கேடான வேலை வேறில்லை: லாரி பிரேக் காற்றழுத்தத்தில்தான் வேலை செய்கிறது; அந்தக் காற்றை நிரப்பும் கம்ப்ரசர் நின்றுபோவதால் ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் உள்ள காற்று குறைந்துகொண்டே போகும், பவர் ஸ்டீயரிங்கும் கல்லாய் இறுகிவிடும். (இப்போதைய டீசல் இன்ஜின்கள் பலவற்றில், கியரிலேயே ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது டீசல் செலவே இருக்காது என்பதால், அந்த மிச்சக் கணக்கும் தவறானதுதான்.) எனவே சரிவு தொடங்குமுன்பே குறைந்த கியருக்கு மாறி, புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜின் வழியாக வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் அழுத்தமாக மிதித்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். வேகம் பிடித்தபின் கியரைக் குறைக்கப் போனால் அது விழாமல் நியூட்ரலிலேயே நின்றுவிடக்கூடும்.

பட்டறையின் பங்கும் இதில் உண்டு. லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரிபார்க்காமல் விட்டால், வெறும் வண்டியில் நன்றாகப் பிடிக்கும் பிரேக், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் கல்லை ஏற்றி இறக்கத்தில் வரும்போது போதாமல் போகும். சக்கரத்துக்குச் சக்கரம் அட்ஜஸ்ட்மெண்ட் மாறினால் வேலை முழுவதும் ஓரிரு டிரம்கள் மீதே விழுகிறது. ஏர் டேங்கில் சேரும் தண்ணீரை வடித்துவிடுவது ஒரு நிமிட வேலைதான். அதைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள்.

பழுதுபார்ப்பவரின் உயிருக்கும் இங்கே ஆபத்து இருக்கிறது. ஹேண்ட் பிரேக் சேம்பருக்குள் அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங், அதற்குரிய போல்ட்டைக் கொண்டு கட்டாமல் மூடியைக் கழற்றினால், எதிரில் இருப்பவரைக் கொல்லும் விசையோடு பாயும். பிரேக்கை விடுவித்து அடியில் வேலை பார்க்குமுன் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பதும், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைப்பதும் கட்டாயம். டிப்பரின் தொட்டியைத் தூக்கி வைத்து அடியில் நுழைபவர்கள் ஹைட்ராலிக்கை நம்பவே கூடாது. குழாய் ஒன்று வெடித்தால் விலக நேரமிருக்காது. இரும்பு முட்டு கொடுத்த பிறகே தலையை உள்ளே நீட்ட வேண்டும். ரிம்மில் டயரைப் பிடித்து வைக்கும் இரும்பு வளையமான லாக் ரிங் உள்ள டயரில் காற்றை முழுவதுமாக இறக்காமல் நட்டைத் தொடவும் கூடாது.

கணவாயை இறங்கி முடித்ததும் கருகல் வாடை வந்தால், ஓரங்கட்டி, டிரம் தானாக ஆறும்வரை காத்திருங்கள். பிரேக் சூட்டில் உள்பக்கத்து டயர் தீப்பிடிப்பதும் உண்டு என்பதால் தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். டயரில் தீ இல்லாதவரை, கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். திடீரென்று குளிர்ந்த வார்ப்பிரும்பு விரிசல் விடும், அந்த விரிசல் அடுத்த இறக்கம் வரை கண்ணுக்குத் தெரியாமலே இருக்கலாம்.