சுமத்ராவில் கடல் குளிர்ந்தால் சோமாலியாவில் வெள்ளம்

“2019 கடைசியில் ஆஸ்திரேலியா பற்றி எரிந்தது. அதே மாதங்களில் சோமாலியாவிலும் கென்யாவிலும் வெள்ளம். ஒரு பக்கம் சொட்டு மழை இல்லை, இன்னொரு பக்கம் கொட்டித் தீர்க்கிறது. ஒரே சமயத்தில் இப்படி எதிரும் புதிருமாக நடந்தால் பருவநிலை பற்றிச் சொல்வதில் எதை நம்புவது?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்குத் தெளிவான பதிலும் இருக்கிறது. அவர் சொல்லும் இரண்டும் தனித்தனி விபத்துகள் அல்ல, ஒரே நிகழ்வின் இரண்டு முனைகள். நடுவில் இருப்பது இந்தியப் பெருங்கடல்.

முதலில் அந்த வாரங்களை நினைவுபடுத்திக்கொள்வோம். 2019 அக்டோபர் கடைசியில் சோமாலியாவின் பெலெட்வெய்ன் நகரத்துக்குள் ஷபெல்லே ஆறு புகுந்தது. ஊரையே விட்டு மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள். நவம்பரில் கென்யாவின் மேற்கு பொகோட் மாவட்டத்தில் மலைச்சரிவு வீடுகளை மூடியது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே நவம்பர் 12 அன்று சிட்னி வட்டாரத்துக்கு ‘பேரழிவு’ என்ற உச்சக்கட்டத் தீ எச்சரிக்கை விடுத்தார்கள். 2009-இல் அந்த எச்சரிக்கை முறை வந்ததிலிருந்து சிட்னிக்கு அதுவே முதல் முறை. ஆஸ்திரேலியாவில் பதிவான வருடங்களிலேயே மிக வெப்பமானதும் மிக வறண்டதும் 2019தான்.

பள்ளிக்கூடப் பாடத்தை வேகமாகக் கடந்துவிடலாம். கடல் சூடாக இருந்தால் நீர் ஆவியாகும், ஈரக்காற்று மேலே ஏறும், குளிர்ந்து மேகமாகும், மழையாகக் கொட்டும். ஏறிய காற்று வேறெங்காவது இறங்கியாக வேண்டும். இறங்கும் இடத்தில் வானம் வெளுத்துக் கிடக்கும். வெப்ப மண்டலக் கடலில் மழை எங்கே என்று தெரிய வேண்டுமானால், சூடான நீர் எங்கே என்று பார்த்தால் பெரும்பாலும் போதும்.

வழக்கமான வருடங்களில் இந்தியப் பெருங்கடலின் சூடான நீர் கிழக்கே, இந்தோனேசியாவை ஒட்டி இருக்கும். ஆப்பிரிக்கப் பக்கம் அதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி. அதனால் மழை மேகம் சுமத்ரா மேல் திரளும். சில வருடங்களில் இது தலைகீழாகிவிடுகிறது. சுமத்ராக் கரை குளிர்கிறது, ஆப்பிரிக்கப் பக்கம் சூடாகிறது, மழையும் மேற்கே போய்விடுகிறது. இதைத்தான் இந்தியப் பெருங்கடல் இருமுனை நிகழ்வு என்கிறார்கள், ஐ.ஓ.டி. என்று சுருக்கமாக. மேற்கு வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் நேர்மறை, கிழக்கு வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் எதிர்மறை.

சரி, நிலநடுக்கோட்டை ஒட்டிய ஒரு கடல், வெயில் கொளுத்தும் இடத்தில், எப்படிக் குளிரும்? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசை.

1893-இல் நார்வேக்காரர் நான்சென் ‘ஃபிராம்’ என்ற கப்பலை வேண்டுமென்றே ஆர்க்டிக் பனியில் உறைய விட்டு, பனியோடு பனியாக மிதந்து போனார். போகப் போக ஒன்றைக் கவனித்தார். பனிக்கட்டிகள் காற்று அடிக்கும் திசையில் போகவில்லை. காற்றுக்கு வலப்புறமாக 20 முதல் 40 டிகிரி வரை விலகியே நகர்ந்தன. பூமி சுழல்வதுதான் காரணம் என்று ஊகித்தார். கணக்குப் போட்டுக் காட்டியவர் எக்மன் என்ற இளம் ஸ்வீடிஷ் ஆராய்ச்சியாளர். காற்று கடலின் மேல் அடுக்கைத் தள்ளுகிறது. பூமியின் சுழற்சியால் அந்த அடுக்கு சற்றே ஒதுங்குகிறது. அது தனக்குக் கீழே உள்ள அடுக்கை இழுக்கிறது. அது இன்னும் கொஞ்சம் ஒதுங்குகிறது. இப்படிக் கீழே போகப் போக ஒவ்வோர் அடுக்கும் வேகம் குறைந்து, திசை திரும்பி, சுழல் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. எல்லா அடுக்குகளையும் கூட்டினால் வரும் விடைதான் அழகு: மொத்த நீரும் காற்றுக்குச் செங்குத்தாக நகர்கிறது. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு வலப்பக்கம், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம்.

இப்போது உலக வரைபடத்தில் சுமத்ராவைப் பாருங்கள். தீவு வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடக்கிறது. அதன் தென்பாதி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை அங்கே தென்கிழக்குக் காற்று கரையை ஒட்டியே வடமேற்காக வீசும். அந்தக் காற்று போகும் திசையில் முகம் வைத்து நின்றால் இடப்பக்கம் எது? தென்மேற்கு, அதாவது திறந்த கடல். கரையோரத்து மேல்நீர் கடலை நோக்கி ஒதுங்குகிறது. காலியான இடத்துக்கு வேறெங்கிருந்தும் நீர் வர முடியாது, ஒரு பக்கம் நிலம். அடியிலிருந்து குளிர்ந்த நீர்தான் மேலே வர வேண்டும். சூடான பாலை ஊதினால் ஆடை ஒரு பக்கம் ஒதுங்கி, அடியில் இருக்கும் பால் தெரியுமே, அப்படி.

இதே வேலை நம் பக்கத்திலும் நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையை ஒட்டிக் காற்று தெற்கு நோக்கி வீசும். நாம் வட அரைக்கோளத்தில் இருப்பதால் நீர் வலப்பக்கம், அதாவது மேற்கே கடலுக்குள் ஒதுங்குகிறது. அடியிலிருந்து வரும் குளிர்ந்த நீரில் சத்து அதிகம். நுண்ணுயிர்கள் பெருகும், அவற்றைத் தின்ன மத்தி மீன் கூட்டம் வரும்.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். சுமத்ராவில் அந்தக் காற்று வருஷா வருஷம் வீசுகிறதே, பின் ஏன் வருஷா வருஷம் கடல் அவ்வளவு குளிர்வதில்லை? காரணம், சாதாரணமாக அங்கே சூடான மேலடுக்கு மிகத் தடிமன், சுமார் 100 மீட்டர். அடியிலிருந்து நீர் வந்தாலும் வருவது வெந்நீரின் அடிப்பகுதிதான். அந்தத் தடிமனைப் பராமரிப்பது நிலநடுக்கோட்டு மேல் வீசும் மேற்குக் காற்று. ஏப்ரல், மே மாதங்களிலும் மறுபடி அக்டோபர், நவம்பரிலும் அது சூடான நீரைக் கிழக்கே தள்ளிக் கொண்டுபோய்ச் சுமத்ராவில் குவிக்கிறது. கடலியல் ஆராய்ச்சியாளர் கிளாஸ் விர்ட்கி 1973-இல் விவரித்த இந்த நீரோட்டத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். எந்த வருடம் இந்த மேற்குக் காற்று சோம்பிவிடுகிறதோ, அந்த வருடம் சூடான அடுக்கு மெலிந்து, நிஜமான குளிர்நீர் எட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

அதற்கப்புறம் ஒன்றை ஒன்று தூண்டிவிடும். கரை குளிர்ந்ததும் மேகம் குறைகிறது, காற்றழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடிய கிழக்கிலிருந்து மேற்கே காற்று அடிக்கத் தொடங்குகிறது. அது சூடான நீரை ஆப்பிரிக்கா நோக்கித் தள்ளுகிறது, சுமத்ராவின் சூடான அடுக்கு இன்னும் மெலிகிறது, கரை இன்னும் குளிர்கிறது. எங்கே தொடங்கியது என்று தேடினால் காற்றைக் கடல் மாற்றியதா, கடலைக் காற்று மாற்றியதா என்று சொல்ல முடியாது. டிசம்பர் வாக்கில் சுமத்ராக் கரையில் பருவக்காற்று எதிர்த்திசைக்கு மாறும்போதுதான் இந்தச் சுற்று அறுபடும்.

மேற்கு, கிழக்குக் கடல் வெப்பநிலைகளின் வித்தியாசம் வழக்கத்தைவிட 0.4 டிகிரி கூடினாலே நேர்மறை என்று ஆஸ்திரேலிய வானிலைத் துறை கணக்கிடுகிறது. 2019 அக்டோபரில் அது 2 டிகிரியைத் தாண்டியது. ஆஸ்திரேலியாவுக்கு இதன் பொருள் என்ன? வடமேற்கே, இந்தோனேசியாவை ஒட்டிய சூடான கடலிலிருந்து நீண்ட மேகப் பட்டைகள் கண்டத்தைக் குறுக்கே கடந்து தென்கிழக்குக்குக் குளிர்கால, வசந்தகால மழையைக் கொண்டுபோகும். அந்தக் கடல் குளிர்ந்ததால் பட்டைகளுக்கு ஈரம் கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் காடு காய்ந்து சருகானது. ஆப்பிரிக்கப் பக்கமோ அக்டோபர் முதல் டிசம்பர் வரையான சின்ன மழைக்காலம் பெருமழைக் காலமானது. அரபிக் கடலில் சாதாரணமாக வருடத்துக்கு ஒன்றிரண்டு புயல். அந்த வருடம் வாயு, ஹிகா, கியார், மஹா, பவன் என்று ஐந்து. கியாரும் மஹாவும் ஒரே நேரத்தில் சுழன்றன. அந்த மழையில் பசுமையான பாலைவனத்தில் வெட்டுக்கிளி பெருகியது. கென்யா 70 ஆண்டுகளில் காணாத படையெடுப்பை 2020-இல் கண்டது.

எல்லாப் பழியையும் இருமுனை மேல் போடக் கூடாது. 2019 செப்டம்பரில் அண்டார்டிகாவுக்கு மேலே உயர் வளிமண்டலம் திடீரென வெப்பமடைந்தது. அதுவும் கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கு வறண்ட காற்றை அனுப்பியது. பூமி ஏற்கெனவே சூடேறியிருந்தது. ஆனால் இரு கண்டங்களையும் ஒரே கயிற்றில் கட்டியது இருமுனைதான் என்பதற்கு எதிர்மறை வருடமே சாட்சி. 2022-இல் லா நினாவும் (பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடக் குளிரும் நிலை) எதிர்மறை இருமுனையும் சேர்ந்துகொண்டன. அந்த வருடம் சிட்னியில் பதிவானதிலேயே அதிக மழை. சோமாலியா உள்ளிட்ட ஆப்பிரிக்கக் கொம்பு நாடுகளிலோ தொடர்ந்து ஐந்தாவது மழைக்காலமும் பொய்த்தது.

இந்த நிகழ்வு அறிவியலுக்கு முறைப்படி அறிமுகமானது 1999-இல்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பு. சாஜி, கோஸ்வாமி, வினயசந்திரன், யமகாதா நால்வரும் எழுதிய கட்டுரை அது. ஜப்பானிலும் பெங்களூரிலும் இருந்து செய்த வேலை. பெயர் வருவதற்கு முன்பே நிகழ்வு இருந்தது. 1961-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் பெய்த மழையில் தொடங்கி அடுத்த மூன்று ஆண்டுகளில் விக்டோரியா ஏரி 2 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. ஏன் என்று அன்று யாருக்கும் விளங்கவில்லை. இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால் சுமத்ராவுக்கு மேற்கே உள்ள மெந்தாவாய் தீவுகளின் பவளப்பாறைகளைத் துளையிட்டுப் பார்க்கிறார்கள். பவளம் வளரும்போது அன்றைய கடல் வெப்பம் அதன் சுண்ணாம்பில் பதிந்துவிடும். 1675-இல் ஒரு நேர்மறை நிகழ்வு 1997-இல் வந்ததைவிடவும் பெரிதாக இருந்திருக்கிறது என்று அந்தப் பவளம் சொல்கிறது.

பவளம் பழையதைச் சொல்லும். நாளை என்ன என்று அறிய, கடலுக்குள் 100 மீட்டர் ஆழத்து வெப்பம் இன்று என்ன என்று தெரிய வேண்டும். செயற்கைக்கோள் மேல்தோலைத்தான் பார்க்கும். உள்ளே பார்க்க, நங்கூரமிட்ட மிதவைகள் வேண்டும். பல நாடுகள் சேர்ந்து 2004 முதல் இந்தியப் பெருங்கடலில் அவற்றை நிறுவி வருகின்றன. நம் பங்குக்குச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் அந்த வேலையைச் செய்கிறது. மிதவை நிறுவினால் வேலை முடிந்துவிடாது. உப்பும் சிப்பியும் அரிக்கும், கருவியைக் கழற்றி மாற்றக் கப்பல் போக வேண்டும். நிழல் தேடி மிதவைக்கு அடியில் மீன் கூடும். மீனைத் தேடி வரும் படகுகள் மிதவையில் கயிறு கட்டும், கருவி சேதமாகும். மீனவர்களைத் திட்டிப் பயனில்லை. அந்த மிதவையின் எண்களால் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதை அவர்கள் துறைமுகத்திலேயே, அவர்கள் பேச்சிலேயே சொல்ல வேண்டும். புதுக் கருவி வாங்கப் பணம் ஒதுக்குவதில் காட்டும் ஆர்வத்தை, இருப்பதைப் பழுதுபார்க்க ஒதுக்குவதிலும் அரசுகள் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு மிதவை ஆறு மாதம் ஊமையாகிவிட்டால் அந்த ஆறு மாதத்தை எந்தப் பணத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரிய வெள்ளமோ தீயோ வந்தால், யாரோ ஒரு நாடு வானிலை ஆயுதத்தை ஏவிவிட்டது என்றும், கிரகங்கள் கூடிவிட்டன என்றும் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவுகிறது. அப்படிச் சொல்பவர்கள் 2019 ஜூலையில் சுமத்ராவில் நீரின் வெப்பம் என்ன என்று பார்த்ததில்லை. பார்த்தவர்களுக்கோ நவம்பரில் வரப்போவது ஓரளவு முன்பே தெரிந்திருந்தது.

நம் மழை என்ன ஆகும் என்றும் அந்த வாசகி கேட்டிருந்தார். நேர்மறை இருமுனை பொதுவாக இந்தியாவுக்குக் கைகொடுக்கும். பசிபிக் கடல் சூடேறி நம் மழையைப் பெரும்பாலும் குறைக்கும் எல் நினோ 1997-இல் மிகக் கடுமையாக இருந்தும் தென்மேற்குப் பருவமழை வழக்கம்போல் பெய்ததற்கு அது ஒரு காரணம். 2019-இல் ஜூன் மாதம் மூன்றில் ஒரு பங்கு மழை குறைந்து, சென்னை தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் ஓடியது. பருவம் முடியும்போது நாடு முழுவதற்குமான கணக்கு 110 சதவீதம். தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைக்கும் நேர்மறை வருடங்கள் பெரும்பாலும் சாதகமே. ஆனால் இருமுனை சொல்வது பருவத்தின் போக்கை மட்டும்தான். கடலூரில் எந்த நாள் எத்தனை சென்டிமீட்டர் என்பது அந்த வாரம் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது.