டக்கிற்கும் பார்ஜுக்கும் நடுவே குறுக்கே போகாதீர்கள்

மும்பைத் துறைமுகத்தில் பார்ஜ் எனும் தட்டையான சரக்குப் படகை இழுக்கும் டக் (இழுவைப் படகு) ஒன்றின் மாஸ்டராக, அதாவது கேப்டனாக, பணிபுரிபவன் என்ற முறையில், கேட்வே ஆஃப் இந்தியா படகுத்துறையிலிருந்து எலிஃபண்டாவுக்கும் மாண்ட்வாவுக்கும் குடும்பத்தோடு படகேறும் நம் தமிழர்களுக்கும், தாராவியிலிருந்தும் அண்டாப் ஹில்லிலிருந்தும் டெக் (படகின் மேல்தளம்) வேலைக்கு வரும் இளைஞர்களுக்கும் இழுகயிற்றைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சொந்த எஞ்சின் இல்லாத பார்ஜை டக் இழுத்துச் செல்லும்போது இரண்டுக்கும் நடுவே வெறும் தண்ணீர்தான் தெரியும். இழுப்பது கம்பிவடமாக இருந்தால் அது தன் எடையாலேயே தொய்ந்து நீருக்கடியில் கிடக்கும். இழுவை கூடியதும் விறைத்து மேலே எழும். அப்போது அதன்மேல் இருக்கும் சிறு படகு கவிழக்கூடும்; தப்பினாலும் பின்னால் வரும் பார்ஜின் முகப்பில் சிக்கும். டக்கை நிறுத்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. டக் நின்றாலும் ஆயிரம் டன் சரக்கோடு வரும் பார்ஜ் நிற்காது, அது எங்கள் மேலேயே வந்து மோதும். தேசிய நீர்வழி 10 ஆன அம்பா ஆற்றுக்குள், தரம்தர் கழிமுகம் வழியாக ஏற்ற நீரோடு நுழையும்போது நீரோட்டமும் பின்னாலிருந்து தள்ளுவதால், நிறுத்துவது இன்னும் கடினம். ஆகவே காத்திருந்து, பார்ஜுக்குப் பின்புறமாகவே கடக்க வேண்டும்.

இரவில் டக்கின் கொடிமரத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்குகள் எரியும். டக்கின் பின்முனையிலிருந்து பார்ஜின் பின்முனை வரை உள்ள நீளம் 200 மீட்டரைத் தாண்டினால் மூன்று. பின்புறம் வெள்ளை விளக்குக்கு மேல் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கும். பார்ஜிலோ பக்க விளக்குகளும் பின்விளக்கும் மட்டுமே. நாவா ஷேவா துறைமுகக் கிரேன்களின் வெளிச்சம் பின்னணியில் இருந்தால் அவையும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

டெக்கில் நிற்பவர்களுக்கும் ஆபத்து அதே கயிற்றால்தான். இழுவை ஏறிய நைலான் கயிறு மெலிந்து, முறுக்கிலிருந்து நீர் பிழிந்து, முனகத் தொடங்கும். சில சமயம் அந்த எச்சரிக்கைகூட இல்லாமல் அறுந்து, வந்த திசையிலேயே சாட்டையாகத் திரும்பும். அதன் நேர்கோட்டில் நிற்பதும், தளர்ந்து கிடக்கும் சுருளுக்குள் கால் வைப்பதும் கூடாது. செல்போனில் படமெடுக்க அங்கே போய் நிற்பவர்களை நான் கூச்சமின்றி விரட்டுவேன்.

கயிறு டக்கின் பக்கவாட்டுக்கு வந்துவிட்டால் அது டக்கையே குப்புறக் கவிழ்த்துவிடும். அதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. மே மாத வெக்கையில் எஞ்சின் அறைக் கதவைத் திறந்து கட்டிவைக்கும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. டக் சாயும்போது நீர் முதலில் அவ்வழியேதான் புகும். இழுவையின்போது கதவு மூடியே இருக்க வேண்டும். கயிற்றை உடனே விடுவிக்கும் ஹூக்கைப் புறப்படுமுன் இயக்கிப் பார்த்தாயிற்றா என்று மாஸ்டரிடம் கேட்க, நேற்றுச் சேர்ந்த கலாசிக்கும் (டெக் தொழிலாளிக்கும்) உரிமை உண்டு.