பக்கத்து வகுப்பு ஆசிரியரை உள்ளே அழையுங்கள்

வகுப்பில் எழும் சிக்கலை ஆசிரியர்களே ஆராய்ந்து, மாற்றிப் பார்த்துச் சரிசெய்வதுதான் செயலாராய்ச்சி. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டாலே பல ஆசிரியர்களுக்கு பி.எட். படித்தபோது ஒப்படைத்த ஸ்பைரல் பைண்டிங் அறிக்கைதான் நினைவுக்கு வருகிறது. முன்தேர்வு, பின்தேர்வு, 'சராசரி உயர்ந்தது' என்ற முடிவு. அப்புறம் அது அலமாரிக்குப் போய்விடும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் எனக்கு இது பெரிய வருத்தம். 1946-இல் சமூக உளவியலாளர் குர்ட் லெவின் இந்த முறையைப் பற்றி எழுதியபோதும், 1953-இல் கல்வியாளர் ஸ்டீபன் கோரி அதைப் பள்ளிகளுக்கென்று விரித்து எழுதியபோதும், பலர் கூடிச் செய்யும் வேலையாகத்தான் அதைப் பார்த்தார்கள். நாம் அதைத் தனியாள் அறிக்கையாக்கிவிட்டோம்.

சேர்ந்து செய்தால் என்ன கிடைக்கும்? ஒரு நான்காம் வகுப்பு. கடன் வாங்கிக் கழித்தல். 52-இலிருந்து 27 போனால் 35 என்று பல நோட்டுகளில் விடை. 'கவனக்குறைவு' என்று சொல்லி, அதே மாதிரி கணக்குகளை இன்னும் நிறையக் கொடுத்துவந்தார் வகுப்பாசிரியர். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒரு பாடவேளை வந்து, குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து, எப்படிப் போட்டாய் என்று ஒரு சிறுமியிடம் கேட்டார். "ரெண்டுல ஏழு போகாதே டீச்சர், அதான் ஏழுல ரெண்டு எடுத்தேன்" என்றாள். அவளிடம் ஒரு விதி இருந்தது. தவறான விதி, ஆனால் ஒவ்வொரு கணக்கிலும் அதைச் சரியாகப் பின்பற்றியிருந்தாள். கூடுதல் பயிற்சி அந்த விதியைத்தான் உறுதிப்படுத்திக்கொண்டிருந்தது. இரண்டு ஆசிரியர்களும் பேசி, பத்துக் குச்சிக் கட்டை அவிழ்த்துக் கழிப்பதற்கு மாறினார்கள். அடுத்த வாரம் நோட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். திட்டமிடுதல், செய்தல், கவனித்தல், சிந்தித்தல் என்ற சுழற்சி இவ்வளவுதான்.

இதில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. வந்து உட்காருபவர் குழந்தைகளைக் கவனிக்க வேண்டும், ஆசிரியரை அல்ல. அவர் எழுதும் குறிப்பு பாடம் நடத்தியவரிடமே போக வேண்டும், தலைமையாசிரியர் மேசைக்குப் போகக் கூடாது. ஆய்வு அலுவலர் வருகைபோல் ஆகிவிட்டால் மறுநாளே எல்லோரும் மாதிரி வகுப்பு நடத்தத் தொடங்கிவிடுவார்கள். உண்மை வெளியே வராது.

எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அது மூன்று விநாடியைத் தாண்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இதை அளக்க ஒரு கைபேசி போதும்.

ஈராசிரியர் பள்ளிகளில் ஒருவர் தம் வகுப்பை விட்டு வருவது கடினம், உண்மைதான். அங்கே பாடத்தை ஒலிப்பதிவு செய்து, பிள்ளைகளின் நோட்டுகளோடு அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குக் கொண்டுவரலாம். அந்தக் கூட்டங்களில் சுற்றறிக்கை வாசிக்கும் நேரத்திலிருந்து அரை மணியை இதற்கு ஒதுக்கும்படி வட்டார வள மையப் பயிற்றுநர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.