மூட்டையில் இருக்கும் போர்ட்லேண்ட் எங்கே இருக்கிறது?

சிமென்ட் மூட்டையில் ‘ஆர்டினரி போர்ட்லேண்ட் சிமென்ட்’ என்று அச்சிட்டிருக்கிறார்களே, போர்ட்லேண்ட் என்பது கம்பெனியின் பெயரா என்று வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கம்பெனி இல்லை, அமெரிக்க நகரமும் இல்லை. இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட்டை ஒட்டிய ஒரு சிறு தீவு. அங்கே வெட்டியெடுக்கும் வெளிறிய சுண்ணாம்புக்கல்லுக்கு லண்டனில் ஏக மதிப்பு. செயின்ட் பால் தேவாலயம் எழுந்தது அந்தக் கல்லால்தான். 1824-ல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின், சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைத்த தூளுக்குக் காப்புரிமை வாங்கினார். இறுகினால் போர்ட்லேண்ட் கல் போலவே இருக்கும் என்று அந்தப் பெயரை வைத்தார். தீவின் மண் ஒரு கைப்பிடிகூட அதில் கிடையாது. சுத்தமான விளம்பரம்!

‘சிமென்ட்’ கதையும் கோணல்தான். லத்தீனில் ‘கேமென்டம்’ என்றால் உடைகல். ஜல்லியின் பெயரைத் தூள் தட்டிப் பறித்துக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், ஆஸ்ப்டின் விற்ற சரக்கு இன்றைய சிமென்டே அல்ல. அவருடைய சூளைக்குச் சூடு போதாது. அளவுக்கு மீறி வெந்து இறுகிய கட்டிகளை, அரைபடாத கழிவு என்று அக்காலத்தில் ஒதுக்கிவிடுவார்கள். 1840களில் அவர் மகன் வில்லியம், போட்டியாளர் ஐசக் ஜான்சன் ஆகியோரின் கைக்கு வந்தபிறகுதான் அவற்றின் அருமை தெரிந்தது. இன்று அதற்குக் கிளிங்கர் என்று பெயர், அதை அரைத்தால்தான் சிமென்ட். சூளை 1,450 டிகிரி செல்சியஸைத் தொடும்போது கலவையில் ஒரு பகுதி உருகுகிறது. அந்த உருகலுக்குள், சுண்ணாம்பும் களிமண்ணின் சிலிக்காவும் சேர்ந்து உண்டான கால்சியம் சிலிகேட் இன்னும் ஒரு பங்கு சுண்ணாம்பை இழுத்துக்கொண்டு ‘ஆலைட்’ என்ற சேர்மம் ஆகிறது. ஆலைட்டுக்குச் சுமார் 1,250 டிகிரிக்கு மேல்தான் நிலைப்பு. ஆனால் சட்டென்று குளிரவைத்தால் பிரிந்துபோக நேரமில்லாமல் அப்படியே மாட்டிக்கொள்கிறது. அந்த நிம்மதியற்ற நிலையில் மூட்டைக்குள் காத்திருந்து, தண்ணீரைக் கண்டதும் பாய்ந்து சேர்கிறது.

ஆகவே சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. தலைவாசலை அரை அடி நகர்த்தச் சொல்லும் வாஸ்துக்காரருக்குத் தாராளமாகக் கொடுப்பவர்கள், தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் ஆளின் கூலிக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது. குறைந்தது 7 நாளாவது ஈரம் வற்றக்கூடாது. மூட்டையில் உள்ள 43, 53 என்ற எண்கள், 28-வது நாளில் ஒரு சதுர மில்லிமீட்டர் குறைந்தது எத்தனை நியூட்டன் (விசையின் அலகு) அழுத்தத்தைத் தாங்கும் என்பதைக் குறிப்பவை. அதை அளக்கும் சோதனைக் கட்டிகளை ஆய்வுக்கூடத்தில் அதுவரை தண்ணீருக்குள்ளேயே போட்டு வைத்திருப்பார்கள்.