மனச்சான்று வாக்கு

வரி மசோதா என்றால் தலைமை சொன்ன பக்கம் வாக்களித்துவிட்டுப் போகிற உறுப்பினர்கள், கருக்கலைப்பு மசோதா வந்தால் மட்டும் முரண்டு பிடிப்பார்கள். 'என் நெஞ்சு ஒப்பவில்லை' என்பார்கள். ஒரே கட்சியில் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். அப்போது கட்சி கட்டளை எதுவும் போடாமல் அவரவர் முடிவுக்கு விட்டுவிட்டால், அதுதான் மனச்சான்று வாக்கு. செய்திகளில் 'மனசாட்சி வாக்கு', 'சுதந்திர வாக்கு' என்றும் எழுதுகிறார்கள்.

சுதந்திரம் யாரிடமிருந்து? கட்சியின் கட்டளையை உறுப்பினர்களிடம் கொண்டுசேர்க்கும் கொறடாவிடமிருந்து. தெலுங்கில் கொரடா என்றால் இன்றைக்கும் சாட்டைதான், இந்தியில் கோடா. பிரிட்டனில் நரி வேட்டையின்போது கூட்டத்தை விட்டு விலகும் நாய்களைச் சாட்டையோடு விரட்டிச் சேர்ப்பவருக்கு 'விப்பர்-இன்' என்று பெயர். அந்தப் பெயர்தான் 'விப்' என்று சுருங்கி நாடாளுமன்றத்துக்குள் வந்தது. கொறடா அனுப்பும் தாளில் ஒரு வாக்கெடுப்பின் கீழ் மூன்று கோடு போட்டிருந்தால், தப்பவே முடியாது, வந்தே ஆக வேண்டும் என்று பொருள். மனச்சான்று வாக்கில் அந்தக் கட்டாயம் இல்லை.

'சுதந்திர வாக்கு' எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. ரகசிய வாக்கோ என்று நினைக்க வைக்கிறது. உண்மையில் யார் எந்தப் பக்கம் என்பது பெயரோடு பதிவாகும். மனசாட்சியில் உள்ள சாட்சி வடசொல். கண்ணைக் குறிக்கும் 'அக்ஷ' அதில் இருக்கிறது, நேரில் கண்டவர் என்பது பொருள். சான்று நம் சொல். 'சால்' என்ற வேரில் பிறந்தது, சான்றோரும் சால்பும் அதன் உறவுகள். கொறடாவை மீறி நிற்பவருக்குத் துணை அவருடைய நெஞ்சு மட்டும்தான். அதனால் மனச்சான்று வாக்கு என்றே எழுதுவோம்.

பிரிட்டனின் 1967 கருக்கலைப்புச் சட்டம் இப்படித்தான் நிறைவேறியது. லிபரல் கட்சியின் டேவிட் ஸ்டீல் கொண்டுவந்த தனிநபர் மசோதா அது. ஆஸ்திரேலியாவில் 2006இல் நிறைவேறிய, கருக்கலைப்பு மாத்திரை மீது சுகாதார அமைச்சருக்கு இருந்த தடுப்பதிகாரத்தை நீக்கும் மசோதாவை, நான்கு கட்சிகளைச் சேர்ந்த நான்கு பெண் செனட்டர்கள் சேர்ந்தே கொண்டுவந்தார்கள். கொறடா விலகினால்தான் இப்படிக் கட்சி தாண்டிக் கைகோக்க முடியும்.

அயர்லாந்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2013இல் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதா வந்தது. ஆளும் ஃபினா கேல் கட்சி மனச்சான்று வாக்கு தர மறுத்தது. எதிர்த்து வாக்களித்த ஐந்து பேர் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். இணை அமைச்சராக இருந்த லூசிண்டா கிரெய்ட்டனும் அதில் ஒருவர். (இதை ஆங்கிலத்தில் 'லாஸ்ட் தி விப்' என்பார்கள். அதை அப்படியே பெயர்த்து 'கொறடாவை இழந்தார்' என்று எழுதிவிடாதீர்கள். கொறடா காணாமல் போனதாகத்தான் வாசகர் நினைப்பார்.) ஐந்தே ஆண்டுகளில், அரசியலமைப்பில் இருந்த கருக்கலைப்புத் தடையை நீக்கலாமா என்று கேட்ட 2018 பொதுவாக்கெடுப்பின்போது, அதே ஃபினா கேல் தன் உறுப்பினர்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டது. எதிர்க்கட்சியான ஃபியன்னா ஃபால் கட்சியும் அப்படியே. அதன் தலைவர் மீஹால் மார்ட்டின் தடையை நீக்கலாம் என்றார். இரு அவைகளையும் சேர்த்து அவர் கட்சி உறுப்பினர்களில் பாதிக்கு மேல் கூடாது என்றார்கள், கட்சி உடையவில்லை. கட்டுப்பாட்டைத் தளர்த்தாத ஷின் ஃபேன் கட்சியிலிருந்து பெடர் டோபீன் விலகி, 2019இல் ஆன்டூ என்ற தனிக்கட்சி தொடங்கினார்.