நடுங்கும் கை, நடுங்காத எழுத்து

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் உள்ள முதல் உலகப்போர்க் கல்லறைகளின் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "இத்தனை கற்களிலும் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கிறதே, கையாலா செதுக்கினார்கள்?"

முதலில் கையால்தான். ஆனால் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள் தேவைப்பட்டபோது உளியை மட்டும் நம்ப முடியவில்லை. போரில் இறந்த பிரிட்டிஷ் பேரரசு வீரர்களின் கல்லறைகளுக்காகவே 1917-ல் உருவான இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம், அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே கல் என்று தீர்மானித்தது. உயரம் 81 செ.மீ., அகலம் 38 செ.மீ.; பெரும்பாலும் இங்கிலாந்தின் போர்ட்லாந்து சுண்ணாம்புக்கல். எழுத்து வடிவத்தை வரைந்தவர் மெக்டொனால்ட் கில். படைப்பிரிவின் சின்னம், பெயர், தேதி, குடும்பம் விரும்பினால் கீழே 66 எழுத்துக்குள் ஒரு வாசகம்.

வேலையை வேகப்படுத்தியது பாண்டோகிராஃப். படங்களைப் பிரதியெடுக்க ஜெர்மானியத் துறவி கிறிஸ்டோஃப் ஷைனர் 1603-ல் உருவாக்கிய கருவி அது. எனக்கு மிகவும் பிடித்த பொறியமைப்புகளில் ஒன்று. நான்கு சட்டங்களை இணைகரமாகக் கோத்து, மூலைகள் மடங்கும்படி விடுங்கள். ஒரு புள்ளியை அசையாமல் பொருத்துங்கள். இன்னொன்றில் ஊசி, மூன்றாவதில் சுழலும் வெட்டுமுனை. சட்டங்கள் எப்படி விரிந்தாலும் இந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். இடைவெளிகளின் விகிதமும் மாறாது. பத்தாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணங்கள்தான் காரணம். பெரிதாகச் செய்த மாதிரி எழுத்தின் மேல் ஊசியை ஓட்டினால், கல்லில் அதே எழுத்து சிறிதாக வெட்டப்படும்.

அழகு என்னவென்றால், பிழையும் சேர்ந்தே சிறிதாகிறது! மாதிரி 4 மடங்கு பெரிது என்றால், கை 1 மி.மீ. தடுமாறினாலும் கல்லில் கால் மி.மீ.தான். வெட்டுமுனை கூம்பாக இருந்தால் பள்ளத்தின் சுவர்கள் சரிவாக அமையும். சரிவில் விழும் நிழலே எழுத்தைக் காட்டும், சாயம் வேண்டாம். 1923 வாக்கில் வாரத்துக்கு 4,000 கற்கள் பிரான்சுக்குப் போயின.

இயந்திரம் எந்தப் பெயரையும் ஒரே சிரத்தையோடு வெட்டும். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் உயிரிழந்த ஆப்பிரிக்க, இந்திய வீரர்கள் பலருக்குத் தனிக்கல் இல்லை. பலருடைய பெயர்கூட எங்கும் பொறிக்கப்படவில்லை. 2021-ல் ஆணையம் அதற்கு மன்னிப்புக் கேட்டது. பெயர் இல்லாமல் போனதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்டவே முடியாது. அது மனிதர்கள் எடுத்த முடிவு.

சரி, இன்று? சுண்ணாம்புக்கல்லை மழையின் அமிலம் மெல்ல அரிப்பதால் மங்கிய கற்களை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். புதிய கற்களைக் கணினி இயந்திரங்கள் வெட்டுகின்றன. பாண்டோகிராஃபை நான்கு மரச்சட்டங்களும் திருகுகளும் இருந்தால் வகுப்பிலேயே செய்துவிடலாம். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் அதற்கு ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.