கடலோர வீட்டில் ஃப்ரிட்ஜை எந்தச் சுவரில் வைப்பது?

புது வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸுக்கும் கிரானைட்டுக்கும் மாதக்கணக்கில் அலைகிறார்கள், ஃப்ரிட்ஜுக்கு மட்டும் கடைசியில் எந்த மூலை மிஞ்சுகிறதோ அதுதான். மண்டபம், பாம்பன், ஏர்வாடி, தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் நான் பழுது பார்க்கப் போகிற பல வீடுகளில் மெஷின் நல்ல மெஷின்தான், வைத்த இடம்தான் தப்பு.

உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுவதுதான் ஃப்ரிட்ஜின் வேலை. பழைய மாடலில் அதற்கான கறுப்புக் கம்பி வலை பின்னால் தெரியும்; இப்போது வருகிற பலவற்றில் அந்தக் குழாய் பக்கத் தகட்டுக்குள்ளேயே ஓடுகிறது, அதனால்தான் தொட்டால் சுடுகிறது, பயப்பட வேண்டாம். ஆனால் அந்தச் சூடு போக வழி வேண்டும். அளவெடுத்தாற்போல ஒரு மாடம் கட்டி அதற்குள் தள்ளிவிட்டால் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும், மேலே ஐஸ் இருக்கும்போதே கீழே பால் திரியும். பின்னால் 10 செ.மீ., பக்கங்களில் 5 செ.மீ., தலைக்கு மேல் ஒரு அடி விடுங்கள், கம்பெனி புத்தகம் இன்னும் கூடுதலாகக் கேட்டால் அதையும் கொடுங்கள். உடம்பு முழுக்க மூடுகிற பிளாஸ்டிக் கவர் தயவுசெய்து வேண்டாம்.

சரி, காற்றோட்டம் வேண்டும் என்றதும் ஜன்னலோரமாக வைக்கிறார்கள். மற்ற ஊர்களுக்கு அது சரி, நம் கரைக்கு ஆகாது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கமும், வாடைக்காற்றில் வடகடல் (பாக் நீரிணை) பக்கமும் ஜன்னல் வழியாக வருவது உப்பு. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும், நம் ஊரில் ராத்திரி நேரத்து ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம். தகட்டில் படிந்த உப்பு முழுசாகக் காய்வதே இல்லை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம், துருவால் பலமிழந்து 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தையே நிறுத்த வேண்டி வந்தது. ஃப்ரிட்ஜ் தகடு எம்மாத்திரம்?

இப்படிப்பட்ட ஃப்ரிட்ஜை இழுத்துத் திருப்பினால், முன்பக்கம் பளபளவென்று இருக்கும், பின்னால் கம்ப்ரசர் உட்கார்ந்திருக்கிற தகடு அடுக்கடுக்காக உரிந்து விரல் பட்டாலே அப்பளம் போல நொறுங்கும். குழாய் பற்றவைத்த இடத்தில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், கேஸ் போனது அங்கேதான். காற்றோடு சேர்ந்து இன்னொன்றும் இந்த வேலையைச் செய்கிறது. தரை துடைக்க உப்புப் போர் தண்ணீரைத்தான் எடுக்கிறோம், மாப்பை அடியில் விட்டு இழுக்கும்போது அது அந்தத் தகட்டில்தான் தெறிக்கிறது. பிளாஸ்டிக் ஸ்டாண்டில் ஏற்றி வையுங்கள், அடியில் மட்டுமாவது நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

என்னைக் கேட்டால், கடலைப் பார்க்காத உள்சுவர்தான் சரியான இடம், வீட்டுக்குள் சுற்றுகிற காற்றே அதற்குப் போதும். சாயங்கால வெயில் அறைகிற மேற்குச் சுவர் ராத்திரியிலும் சூட்டைக் கக்கும், அது வேண்டாம். அடுப்புக்கு அடுத்தும் வேண்டாம். வாங்கும்போது உள்ளே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்கள்: ‘டி’ (T) வகை என்றால் 43 டிகிரி வெளிச்சூடு வரைக்கும் தாங்கும், ‘என்’ (N) வகை 32 டிகிரி வரைக்கும்தான், அதை வைத்துக்கொண்டு நம் சித்திரை வெயிலை ஓட்ட முடியாது.

ரிசார்ட்டுகளிலும் சில வீடுகளிலும் ஒயின் கேபினட் வைக்கிறார்கள். அதற்கும் இதே கதைதான், கூடவே வெளிச்சமும் அதிர்வும் ஆகாது, உள்ளே 12 முதல் 14 டிகிரி நிற்க வேண்டும். கம்ப்ரசர் இல்லாத சின்ன மாடல்கள் அறைச் சூட்டிலிருந்து ஓரளவுதான் இறங்கும், ஏசி இல்லாத அறையில் இங்கே அவை எடுபடாது. அலமாரிக்குள் வைப்பதாக இருந்தால் முன்பக்கமாகச் சூட்டை விடுகிற மாடல்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், பிளக் பாயிண்ட். ஃப்ரிட்ஜுக்கு நேர் பின்னால் வைத்துவிட்டால் உப்பு ஏறி பிளக்கின் பின்கள் கறுத்துப்போவது யார் கண்ணுக்கும் படாது. வயரிங் நடக்கும்போதே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, எர்த் உள்ள மூன்று பின் பாயிண்டைக் கைக்கு எட்டுகிற மாதிரி பக்கவாட்டில் போடச் சொல்லுங்கள்.